சாட்சிப் பால்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. இதில் நான் கூட்டிச் சேர்த்தது ஒன்றும் கிடையாது. அவள் வாயால் ஒரு முறை கேட்டேன். அவளுடைய மாமியார் வாயால் தனியாக ஒரு முறை கேட்டேன். இவர் சொன்னது அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் சொன்ன நேரம் மட்டும் அச்சு பிசகாமல் ஒன்றாக இருந்தது. பிற்பகல் இரண்டு நாற்பது.

ஆமாம், பிற்பகல். இருட்டு, நாய் ஊளை, அணைந்து போகும் விளக்கு எல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். அந்த வீட்டில் ராத்திரியில் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில், ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது நடந்தது.

அவளுக்குப் பால் பண்ணையில் வேலை. லாரியில் கேன்கள் வந்து இறங்கும். வரிசையாக நிற்கும். அவள் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, உள்ளே மூக்கைக் கொண்டுபோய், ஒரே ஒரு இழுப்பு இழுத்து, மூடியை வைத்துவிட்டு, "நல்லது" என்பாள். அல்லது "தள்ளு" என்பாள். மெஷின் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒன்பது வருஷமாக அவள் "தள்ளு" என்று சொன்ன கேனை மெஷின் ஒரு தடவைகூட நல்லது என்று சொன்னதில்லை. பண்ணையில் அவளுக்குப் பெயரே மூக்குதான். "மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரிக் கதவைத் திறப்பார்கள்.

நூறு கேனுக்கு மேல் போனால் எந்த மூக்கும் மரத்துப் போகும். அப்போது முகர்ந்து பார்க்கிறவர்கள் கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து மெதுவாக ஒரு மூச்சு இழுப்பார்கள். சொந்தத் தோலின் வாசனை மூக்கைப் பழையபடி தீட்டிக் கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. அவளுக்கு அது கை தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது.

அவள் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், ஒன்று நான்காம் மாதம். இந்தத் தடவை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை கூடாது, மாடிப்படி கூடாது, மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும். அவர்கள் அப்போது குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் கணவனுக்கோ லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டி வைக்கிறவன் பொண்டாட்டி படியேறியே சாகணுமாடா?" என்றாள் அவன் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. ஐந்தாம் மாதம் பிறந்ததும் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். மாமியாரும் துணைக்குக் கூடவே வந்துவிட்டாள்.

லீவு எழுதிக் கொடுத்தபோது பண்ணை மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நல்லதாப் போச்சும்மா. மாசமா இருக்கிறப்ப மூக்கு பொய் சொல்லும். இந்த நேரத்துல உன்னை நம்பி ஒரு கேனைக்கூட தள்ள முடியாது." அவள் அதைச் சிரித்துக் கேட்டுக்கொண்டாள். ஆனால் மனதில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

வீடு கட்டி நான்கே வருஷம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்குக் கொசுவலை. புதுப் பெயிண்ட். படுக்கையறைக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன?" என்றான் மெத்தையைத் தூக்கி வந்த கணவன்.

"புளிச்ச வாடை."

"பெயிண்ட்டும்மா."

அவள் கையை மடக்கி முழங்கையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தாள். பெயிண்ட் இல்லை. பெயிண்ட்டுக்கு அடியில் இருந்தது. வெறும் புளித்த பால் என்றால் அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. இது பாலோடு எச்சில் சேர்ந்த வாடை. பால் குடித்த வாயை ஒரு வாரம் கழுவாமல் மூடியே வைத்திருந்து, பக்கத்தில் வந்து திறந்தால் எப்படி இருக்கும்? அது.

அவள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மூன்று மாதமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மாமியாரிடம் கேட்டுப் பயனில்லை. பல வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலோடு அந்த அம்மாவுக்கு வாசனை தெரிவது நின்றுவிட்டது. "எனக்குச் சாக்கடையும் ஒண்ணுதான், சென்ட்டும் ஒண்ணுதான். கொடுத்து வச்சவ நான்," என்று சொல்லிச் சிரிப்பாள். கணவனோ காலையில் போனால் மாலையில் கிரீஸ் நாற்றத்தோடு வருகிறவன். அவன் மூக்குக்கு அதற்கு மேல் ஒன்றும் ஏறாது.

சரி, ஆளுக்கு ஒரு சமாதானம் வேண்டுமே. பிளம்பரைக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்துவிட்டு அடைப்பு எதுவும் இல்லை என்றார். குளியலறைத் தரையில் இருந்த சல்லடையைத் தூக்கி இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு கொத்தை இழுத்தார். கொழகொழவென்று வந்தது. முடி. ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட இல்லை. பஞ்சு மாதிரி மெல்லிசு.

"முன்னாடி இங்க பச்சைப்புள்ள இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே அதைக் குப்பையில் போட்டார். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அடுத்தது சுவர். கட்டிலுக்கு அந்தப் பக்கம், படுக்கையறை மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு கறை. வட்டமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. தினமும் ஒரே இடத்தில் தலையைச் சாய்த்து உட்காருகிறவர்கள் வீட்டுச் சுவரில் விழுமே, அந்தக் கறை. கணவன் சோப்புத் தண்ணீரில் துடைத்தான். போய்விட்டது. பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தது, ஒரு விரல் மேலே.

"ஈரம் ஏறுது. கீழ்வீடுன்னா அப்படித்தான்," என்றான்.

மத்தியானம் அவள் தூங்குகிற தூக்கமும் சரியில்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்குப் படுப்பாள். படுத்த மாத்திரத்தில் போய்விடுவாள். கூப்பிட்டால் கேட்காது. மூன்றரைக்கு எழும்போது வாய் உலர்ந்து, கை மரத்து, யாரோ உறிஞ்சித் துப்பின மாதிரி கிடப்பாள். "தூங்கட்டும், வயித்துப் புள்ளைக்கு நல்லது," என்று மாமியார் ஹாலில் டிவியைக் குறைத்து வைத்துக்கொள்வாள். சத்தம் குறைந்த அந்த நேரத்தில் உள்ளேயிருந்து சில நாள் ஒரு ஓசை வருமாம். ச்சப்... ச்சப்... மருமகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டாள்.

எழுந்து பார்த்தால் நைட்டியின் முன்பக்கம் நனைந்திருக்கும். ஐந்தாம் மாதக் கடைசியிலேயே அது ஆரம்பித்துவிட்டது. டாக்டர், "சிலருக்குச் சீக்கிரமே கசியும், பயப்படாதீங்க," என்றார். அவள் அந்தத் துணியை நிழலில் உலர்த்தினால் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். அதை முகரும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது. தன் உடம்பிலிருந்து வந்தது தனக்கே இப்படி நாறுமா என்று அவள் வெட்கப்பட்டாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் மாதம் பாதி தாண்டியது. நாற்றம் இப்போது மூலையில் நிற்கவில்லை.

இது முக்கியம். கேன்களுக்கு நடுவில் கெட்டுப்போன கேனைத் தேடுவது போல அவள் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக முகர்ந்து வைத்திருந்தாள். முதல் மாதம் நாற்றம் மூலையில், முழங்கால் உயரத்தில் இருந்தது. இப்போது இடுப்பு உயரத்தில். சில நாள் கட்டிலுக்கு இந்தப் பக்கம். சில நாள் கதவருகே. சாக்கடை நாற்றம் என்றால் ஒரே இடத்தில்தான் இருக்கும். நடக்காது. வளரவும் வளராது.

அன்று இரவு அவள் கணவனிடம் சொல்லிவிட்டாள். "இந்த நாத்தத்துக்குள்ள என் புள்ளைய கொண்டுவந்து போட மாட்டேங்க. ரெண்டு போயிடுச்சு. இதையும் விட முடியாது."

"வாசனைக்காக யாராவது வீடு மாத்துவாங்களா? உன்னை அலைய வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"வாசனை இல்லைங்க. நிஜம்."

"அப்ப நிரூபிச்சுக் காட்டு. மறுநாளே மாத்திடலாம்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் பால் பண்ணைக்காரியிடம் போய் நிரூபி என்று சொல்லலாமா?

பண்ணையில் அதற்கு ஒரு வழி உண்டு. ஏதோ ஒரு அறையில் பால் கெடுகிறது, காரணம் தெரியவில்லை என்றால், ஒரே பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மூன்று டம்ளரில் ஊற்றி, மூன்று இடத்தில் திறந்து வைப்பார்கள். எது முதலில் கெடுகிறதோ அந்த இடம்தான் குற்றவாளி. அந்த டம்ளர் பாலுக்குச் சாட்சி என்று பெயர். ஒரு நாள் கெட்டால் தற்செயல் என்பார்கள். மூன்று நாள் கெட வேண்டும். அப்போதுதான் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் இதைச் செய்திருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை. இரண்டு மணிக்கு ஹாலில் ஒரு டம்ளர், சமையலறையில் ஒரு டம்ளர், படுக்கையறை மூலையில் ஒரு டம்ளர். அன்று அவள் படுக்கவில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கியது. கன்னத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். மணி இரண்டு நாற்பது. ச்சப்... என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மூன்று மணிக்குப் பார்த்தாள். ஹால் பால் நல்லது. சமையலறைப் பால் நல்லது. படுக்கையறைப் பால் இல்லை.

கொட்டவில்லை. தரை உலர்ந்திருந்தது. டம்ளரின் உள்பக்கம் ஆடைகூட மிச்சமில்லாமல் வழித்து எடுத்தது போல் இருந்தது. விளிம்பைத் தொட்டாள். வழுக்கியது. விரலை எடுத்தபோது நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. முகர்ந்தாள். அதே வாய்.

"பூனையா இருக்கும்," என்றாள் மாமியார்.

"வலை போட்டிருக்கு அத்தை."

செவ்வாய்க்கிழமை. படுக்கையறை ஜன்னலைச் சாத்தினாள். டம்ளரை மூலையில் வைத்தாள். கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். மாமியார் கதவுக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "வரட்டும் அந்தப் பூனை," என்றாள்.

இரண்டு நாற்பது.

ச்சப்... ச்சப்... ச்சப்...

"கேக்குதா அத்தை?"

மாமியார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கேக்குது."

இரண்டு நாற்பத்தாறுக்குச் சத்தம் நின்றது. கதவைத் திறந்தார்கள். மூலையில் வைத்த டம்ளர் அறையின் நடுவில் இருந்தது. காலி. சுவரில் கறை ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. கறைக்குக் கீழே பாலாடை ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் குடித்துவிட்டு வாயைச் சுவரில் துடைத்தால் ஒட்டுமே, அப்படி. இன்னும் ஈரமாக இருந்தது. மெல்ல வழிந்தது.

மாமியார் அன்று டீகூடக் குடிக்கவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன். "மூணு நாள்னா மூணு நாள். ரெண்டு நாளோட போனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க," என்றாள். ஒன்பது வருஷப் பழக்கம். என்ன செய்வது.

புதன்கிழமை கணவன் அரை நாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்தான். இரண்டே காலுக்கு போன். எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார்களாம். போய்விட்டான். இரண்டு நாற்பதுக்குச் சத்தம் வந்தது. அவர்கள் கதவைத் திறக்கவில்லை. அவன் ஐந்து மணிக்கு வந்துதான் திறந்தான். டம்ளர் கட்டிலின் மேல் இருந்தது. அவள் தலையணையில், அவள் தலை வைக்கிற குழியில், கவிழ்ந்து கிடந்தது. தலையணை உறை முழுக்க எச்சில்.

அவன் குனிந்தான். சட்டென்று நிமிர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். கிரீஸ் தவிர வேறு எதுவும் ஏறாத அவன் மூக்குக்குள் அன்று அது ஏறிவிட்டது.

"வெள்ளிக்கிழமை காலையில போயிடலாம்," என்றான். "வேன் சொல்லிடறேன்."

நடுவில் ஒரே ஒரு நாள்.

வியாழக்கிழமை அவள் பால் வைக்கவில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் சமையலறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். நல்ல வெயில்.

இரண்டு முப்பத்தெட்டு. தூங்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு முப்பத்தொன்பது. படுக்கையறைக்குள் டம்ளரைத் தேடுகிற மாதிரி தரையில் ஏதோ தேய்ந்தது. சர்ர்... சர்ர்...

பிறகு அமைதி.

பிறகு நாற்றம் வந்தது. கதவுக்கு அடியில் தொடங்கி, ஹாலைக் கடந்து, நேராக அவளை நோக்கி. இடுப்பு உயரத்தில்.

பொய் சொல்கிறதா மூக்கு?

பழக்கம். கையை மடக்கினாள். முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து இழுத்தாள்.

அங்கே அவள் தோல் வாசனை இல்லை.

அதே வாய். அதே எச்சில். அதோடு தலை வாடை. குளிப்பாட்டாத, வியர்த்து ஊறிய சின்னத் தலையின் வாடை. மடிப்பில் எண்ணெய்ப் பிசுக்கு மின்னியது. பஞ்சு மாதிரி இரண்டு முடி ஒட்டியிருந்தது.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் தலையைத் தாங்குகிற இடம் அது.

கையை உதற நினைத்தாள். முடியவில்லை.

கனத்தது...

சூடாக... ஈரமாக...

இரண்டு நாற்பது.

இதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது. மாமியார் பார்த்தது இது.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு மூட்டையோடு ஹாலுக்கு வந்தாள். மருமகள் கண்ணை மூடியிருந்தாள். கை மடங்கியிருந்தது. மடங்கிய கையில் ஒன்றும் இல்லை. ஆனால் நைட்டி அமுங்கியிருந்தது. மார்பிலிருந்து மடி வரை ஒரு அழுத்தம். மடியிலிருந்து முழங்கால் வரை. அதற்கும் கீழே, நாற்காலியைத் தாண்டித் தரையில், இரண்டு குதிகால் ஈரம்.

பச்சைப்பிள்ளை நீளம் இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் நீளம்.

ச்சப்... ச்சப்... ச்சப்...

மார்புக்கு ஒரு விரல் தள்ளி, வெறும் காற்றில், பால் நுரை வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது.

மருமகளின் உதடு வெளுத்திருந்தது. வயிறு, உள்ளே இருந்த பிள்ளை உதைத்த உதையில், ஒரு பக்கமாக எழும்பி எழும்பி விழுந்தது.

மாமியாருக்குக் கத்த வரவில்லை. கூப்பிட ஆளும் இல்லை. மூன்று பிள்ளை வளர்த்த வாய். அதற்குத் தெரிந்த ஒன்றைத்தான் அது சொன்னது.

"போதும். எந்திரி."

சத்தம் நின்றது.

நுரை நின்றது.

அந்த இடத்திலிருந்து எதுவோ தலையைத் திருப்பித் தன்னைப் பார்த்தது அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நைட்டி மெல்ல நிமிர்ந்தது.

தரையில் ஈரக் கால். ஒன்று. இன்னொன்று. சப்... சப்... படுக்கையறைக் கதவு தானாகத் திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. கோபித்துக்கொண்ட பிள்ளை சாத்துகிற மாதிரி, படாரென்று.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு இரண்டு பேரும் தெருவில் நின்றார்கள். செருப்பு இல்லை. கதவைப் பூட்டவில்லை.

அவர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் மட்டும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமான்களை எடுத்து வந்தான். மெத்தையை அங்கேயே விட்டுவிட்டான். சுவர்க் கறை எந்த உயரத்தில் இருந்தது என்று மனைவி கேட்டாள். அவன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

வீட்டுக்காரரிடம் சண்டைக்கே போனான். "உள்ள என்ன நடந்துச்சு? எந்தக் குழந்தை செத்துச்சு? சொல்லுங்க." அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் குடியிருந்தவர் கண்ணாடிக் கடைக்காரர், தனி ஆள், இப்போதும் அடுத்த தெருவில் நன்றாக இருக்கிறார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. அதற்கும் முன்னால் அது காலி மனை. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. ஒரு குழந்தைகூட அங்கே ஒரு நாளும் தங்கியதில்லை.

அப்படியென்றால் அந்த முடி யாருடையது? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவளுக்கு மட்டும் ஒரு பதில் இருந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். "நான்தான் பாலை வச்சுப் பழக்கிவிட்டேன். மூணு நாள் வச்சேன். நாலாம் நாள் இல்லைன்னதும் என்கிட்ட வந்துடுச்சு." மாமியார் தலையைத் தடவிக் கொடுப்பாள். "ஒரே ஒரு நாள்தானேம்மா. நான்தான் எழுப்பி விட்டுட்டேனே. போனது போகட்டும். உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை." அந்த ஒரே நாள் என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மிச்ச நாட்களைத் தள்ளினாள்.

பத்தொன்பது நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. காலை ஆறு பன்னிரண்டு. எடை குறைவில்லை. அழுகை கணீரென்று இருந்தது. கணவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான். மாமியார் யாரைப் பார்த்தாலும் சிரித்தாள்.

ஏழு மணிக்கு நர்ஸ் குழந்தையைத் தூக்கி வந்து மார்பில் போட்டாள். குழந்தை வாயை வைத்தது. இரண்டு இழுப்பு. விட்டுவிட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி விட்டுவிட்டு வீறிட்டது.

"எங்கே, பாப்போம்," என்று நர்ஸ் ஒரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஸ்பூனில் விழுந்தது வெள்ளையாக, தண்ணீராக இருந்தது. நர்ஸ் ஸ்பூனை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முப்பது வருஷம் அதே வார்டில் வேலை பார்த்தவள்.

"மூத்தது வீட்டுல இருக்கா?" என்றாள்.

"மூத்தது கிடையாது," என்றாள் மாமியார். "இதுதான் முதல்."

"பொய் சொல்லாதீங்க. இது இன்னைக்கு ஊறின பால் இல்லை. இன்னைக்கு மஞ்சளா, கெட்டியா சீம்பால்தான் வரணும். அது ஒரு பொட்டுகூட இல்லையே." நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு நாலு மாசமா தினமும் ஒரு புள்ளை விடாம குடிச்ச மார்பும்மா இது. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இந்தக் குழந்தையோட பங்கை அதுக்கு முன்னாடியே யாரோ குடிச்சு முடிச்சிட்டாங்க."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

கணவன் போனில் காலண்டரைத் திறந்தான். அந்த வீட்டுக்குக் குடி போன நாளையும் ஓடி வந்த நாளையும் வைத்து எண்ணினான். நூற்று ஏழு நாள். கடைசி வாரம் திங்களிலிருந்துதான் அவள் மத்தியானம் படுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மீதி நூற்று மூன்று மத்தியானமும் அவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.